பல்லும் துளியும்: கார் எஞ்சின் நேரம் காக்கும் விதம்

கார் எஞ்சினின் ஆற்றலைப் பற்றிய பேச்சில் குதிரைத்திறனும் சிலிண்டரின் கொள்ளளவுமே பெரும்பாலும் முதலிடம் பெறுகின்றன. ஆனால் அந்த ஆற்றல் முழுவதும் ‘எப்போது’, ‘எவ்வளவு’ என்னும் இரண்டு கேள்விகளுக்கு எஞ்சின் நொடிதோறும் தரும் விடையிலிருந்தே பிறக்கிறது. காற்று வரும் வழி எப்போது திறக்க வேண்டும், எரிந்த புகை வெளியேறும் வழி எப்போது மூட வேண்டும், உள்ளே வந்த காற்றுடன் எவ்வளவு பெட்ரோல் கலக்க வேண்டும் என்பவற்றில் சிறு பிசகு நேர்ந்தாலும், இரும்பும் அலுமினியமும் எத்தனை உறுதியாக இருந்தும் பயனில்லை. ‘எப்போது’ என்பதற்கு விடை சொல்லும் பொறுப்பைப் பல கார்களில் ஏற்றிருப்பது டைமிங் பெல்ட் என்னும் பல் வைத்த ரப்பர் பட்டை. ‘எவ்வளவு’ என்பதற்கு விடை தருவது இன்ஜெக்டர் என்னும் விரல் நீள மின்வால்வு. இவ்விரண்டும் எந்தத் தேவையிலிருந்து பிறந்தன, எவ்வாறு இயங்குகின்றன, ஒன்றுக்கொன்று எவ்வாறு துணை நிற்கின்றன என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

நான்கு வீச்சுகளும் நாற்பது மில்லிநொடியும்

இன்றைய கார் எஞ்சின்களில் மிகப் பெரும்பாலானவை, ஜெர்மனியைச் சேர்ந்த நிக்கோலஸ் ஓட்டோ 1876-ஆம் ஆண்டு இயக்கிக் காட்டிய நான்கு வீச்சு முறையைப் பின்பற்றுகின்றன. சிலிண்டர் என்னும் உருளைக்குள் பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழோ கீழிருந்து மேலோ செல்வதே ஒரு வீச்சு. முதல் வீச்சில் பிஸ்டன் கீழே இறங்க, உள்வால்வு திறந்து காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. இரண்டாவது வீச்சில் இரு வால்வுகளும் மூடியிருக்க, மேலேறும் பிஸ்டன் அந்தக் கலவையை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அழுத்துகிறது. மூன்றாவது வீச்சில் ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறியால் பற்றிய கலவை விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்காவது வீச்சில் வெளிவால்வு திறக்க, மேலேறும் பிஸ்டன் புகையை வெளியேற்றுகிறது. நான்கில் மூன்றாவது வீச்சு மட்டுமே வேலை தருவது. மற்ற மூன்றும் அந்த ஒன்றுக்கான ஆயத்தங்கள்.

பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட் என்னும் வளைதண்டு. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது, அதாவது நெடுஞ்சாலையில் ஒரு சிறிய கார் இயல்பான வேகத்தில் ஓடும்போது, கிராங்க் ஷாஃப்ட் நொடிக்கு 50 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி, ஒரு வீச்சுக்கு 10 மில்லிநொடி, நான்கு வீச்சும் முடிய 40 மில்லிநொடி ஆகின்றன. மனிதர் ஒருமுறை கண் இமைக்க ஆகும் நேரத்துக்குள் ஒரு சிலிண்டர் காற்றை இழுத்து, அழுத்தி, எரித்து, வெளியேற்றி அடுத்த முறைக்கும் ஆயத்தமாகிவிடுகிறது. நான்கு சிலிண்டர் உள்ள எஞ்சினில் இவ்வாறு நொடிக்கு 100 எரிதல்கள் நிகழ்கின்றன; ஒவ்வொன்றுக்கும் வால்வுகள் தம் முறை தவறாமல் திறந்து மூட வேண்டும்.

இரண்டு சுற்றுக்கு ஒரு சுற்று

வால்வுகளைத் திறக்கும் வேலையைச் செய்வது கேம் ஷாஃப்ட். நேரான ஒரு தண்டின்மேல், முட்டையை நீளவாக்கில் வெட்டியது போன்ற வடிவில், ஒரு பக்கம் மூக்கு நீண்ட உலோகத் திரட்சிகள் வரிசையாக அமைந்திருக்கும், அவையே கேம்கள். தண்டு சுழலச் சுழல, ஒவ்வொரு கேமின் மூக்கும் தன் முறை வரும்போது வால்வை அழுத்தித் திறக்கிறது. மூக்கு கடந்தவுடன் சுருள்வில் வால்வை மீண்டும் மூடுகிறது. நான்கு வீச்சு முடிய கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்ற வேண்டியிருக்க, ஒவ்வொரு வால்வும் அதே காலத்தில் ஒருமுறைதான் திறக்க வேண்டும் என்பதால், கேம் ஷாஃப்ட் மிகச் சரியாகப் பாதி வேகத்தில் சுழல வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டின் பற்சக்கரத்தில் 20 பல் இருந்தால், கேம் ஷாஃப்ட்டின் பற்சக்கரத்தில் 40 பல் வைப்பதன் மூலம் இந்த விகிதம் கிடைக்கிறது.

பாதி வேகம் மட்டும் போதாது. இரு தண்டுகளும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதும் மாறாதிருக்க வேண்டும். பாடநூல் படத்தில் உள்வால்வு பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது திறந்து, அடியைத் தொடும்போது மூடுவதாகக் காட்டப்பட்டாலும், உண்மை எஞ்சினில் அவ்வாறு நடப்பதில்லை. விரைந்து வரும் காற்றுக்கும் எடை உண்டு. பிஸ்டன் அடியைத் தொட்டுத் திரும்பத் தொடங்கிய பிறகும் காற்று தன் வேகத்தாலேயே சிறிது நேரம் உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். அதைப் பயன்படுத்திக்கொள்ள, கிராங்க் ஷாஃப்ட் மேலும் பல பாகை திரும்பிய பின்னரே உள்வால்வு மூடும்படி கேமின் வடிவம் அமைக்கப்படுகிறது. அதுபோலவே வெளிவால்வு சற்று முன்னதாகத் திறக்கிறது; புகை வெளியேறி முடியும் தறுவாயில் இரு வால்வுகளும் சில பாகை தூரத்துக்குச் சேர்ந்தே திறந்திருக்கின்றன. வடிவமைப்பாளர்கள் பாகை பாகையாகக் கணக்கிட்ட இந்த ஏற்பாட்டில், இரு தண்டுகளையும் இணைக்கும் டைமிங் பெல்ட் ஒரே ஒரு பல் தவறி மாட்டப்பட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 பல் உள்ள சக்கரத்தில் ஒரு பல் என்பது 360-ஐ 20-ஆல் வகுத்தால் வரும் 18 பாகை. ஒரு பல் பிசகிய எஞ்சின் ஓடவும் கூடும். ஆனால் ஸ்டார்ட் ஆகத் தயங்கும், நின்ற நிலையில் நடுங்கும், ஏற்றத்தில் இழுக்காது, பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும்.

தையல் இயந்திரத்திலிருந்து வந்த பட்டை

இரு தண்டுகளையும் இணைக்கத் தொடக்க காலத்தில் பற்சக்கரங்களும் உலோகச் செயின்களும் பயன்பட்டன. கேம் ஷாஃப்ட் எஞ்சினின் அடிப்பகுதியில், கிராங்க் ஷாஃப்ட்டுக்கு அருகிலேயே இருந்தவரை இதில் சிக்கல் இல்லை. பின்னர், வால்வுகளை நேரடியாக இயக்குவதற்காகக் கேம் ஷாஃப்ட் சிலிண்டர் தலைக்கு மேலே ஏறியபோது, இடைத்தூரம் கூடியது. நீண்ட செயினுக்கு எடை அதிகம், ஓசை அதிகம், ஓயாத எண்ணெய்ப் பூச்சும் வேண்டும். இதற்கான மாற்று கார் உலகத்துக்கு வெளியே முன்பே உருவாகியிருந்தது. 1940-களில் அமெரிக்காவில், தையல் இயந்திரத்தின் ஊசியும் அடிக்கொக்கியும் ஒத்திசைந்து இயங்குவதற்காகப் பல் வைத்த ரப்பர் பெல்ட் உருவாக்கப்பட்டது. சாதாரண பெல்ட் உராய்வை மட்டும் நம்பியிருப்பதால் வழுக்கும். பல் வைத்த பெல்ட்டோ சக்கரத்தின் பள்ளத்தில் பொருந்தி, வழுக்காமல் எண்ணி எண்ணி நகரும்.

இந்தப் பெல்ட்டைப் பெருந்தொகையாக உற்பத்தியான கார் ஒன்றில் முதலில் பொருத்தியது, பவேரியாவின் டிங்கோல்ஃபிங் என்னும் சிற்றூரில் வேளாண் கருவிகள் செய்துவந்து பின்னர் சிறிய கார்களுக்கு மாறிய ஹான்ஸ் கிளாஸ் நிறுவனம். 1962-இல் விற்பனைக்கு வந்த அதன் கிளாஸ் 1004 என்னும் கார், ஒரு லிட்டருக்கும் சற்றுக் குறைந்த எஞ்சினைக் கொண்டிருந்தது. 1966-இல் அமெரிக்காவின் பான்டியாக்கும் இத்தாலியின் ஃபியட்டும் இதே வழியில் வந்தன. ஃபியட் 124 ஸ்போர்ட் காருக்காக அவுரேலியோ லாம்பிரெடி வடிவமைத்த எஞ்சினில் ஒரே பெல்ட் இரண்டு கேம் ஷாஃப்ட்டுகளைச் சுழற்றியது. இந்தியச் சாலைகளில் லட்சக்கணக்கில் ஓடிய மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினிலும் கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றியது டைமிங் பெல்ட்டே.

கையில் எடுத்துப் பார்க்கும்போது வெறும் கறுப்பு ரப்பராகத் தெரியும் இந்தப் பட்டை, உண்மையில் மூன்று பொருள்களின் கூட்டு. முதுகுப் பகுதிக்குள் நீளவாக்கில் ஓடும் மெல்லிய கண்ணாடி இழைக் கயிறுகள்தாம் இழுவிசை முழுவதையும் தாங்குகின்றன. ரப்பரைப் போல் இவை நீள்வதில்லை என்பதாலேயே பெல்ட் ஆண்டுக்கணக்கில் நீளம் மாறாமல் இருக்கிறது. அந்தக் கயிறுகளைப் பொதிந்து நிற்கும் ரப்பர், முன்பு நியோப்ரீனாக இருந்து, பிற்காலத்தில் வெப்பத்தையும் எண்ணெயையும் கூடுதலாகத் தாங்கும் ஹைட்ரஜனேற்றிய நைட்ரைல் ரப்பராக மாறியது. பற்களின் மேல் போர்த்திய நைலான் துணி தேய்மானத்தைத் தாங்குகிறது. பெல்ட்டின்மேல் விழும் விசை சீரானதும் அல்ல: கேமின் மூக்கு வால்வை அழுத்தும்போது சுருள்வில் எதிர்ப்பதால் பெல்ட் இறுகுகிறது, மூக்கு கடந்தவுடன் அதே சுருள்வில் கேமை முன்னே தள்ளுவதால் தளர்கிறது. இந்த இறுக்கமும் தளர்வும் ஓயாமல் மாறி மாறி வர, பெல்ட் பல் தாண்டிவிடாதபடி டென்ஷனர் என்னும் சிறு உருளை அதை எப்போதும் அளவாக அழுத்திப் பிடிக்கிறது.

பெல்ட் அறுந்தால்

பெல்ட் சுமக்கும் உழைப்பை ஒரு கணக்கு தெளிவாக்கும். சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 60,000 கிலோமீட்டர் ஓடிய கார் 1500 மணி நேரம் இயங்கியிருக்கும். எஞ்சின் நிமிடத்துக்குச் சராசரியாக 2000 சுற்று சுற்றியதாகக் கொண்டால், கிராங்க் ஷாஃப்ட் 18 கோடி முறை சுற்றியிருக்கும். 20 பல் சக்கரத்தில் மாட்டிய 100 பல் பெல்ட், அதற்குள் 3 கோடியே 60 லட்சம் முறை தன் பாதையைச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் சக்கரங்களின்மேல் வளைந்து நிமிர்ந்திருக்கும்.

அத்தகைய பெல்ட் ஓட்டத்தின் நடுவே அறுந்தால், கேம் ஷாஃப்ட் உடனே நின்றுவிடுகிறது. கிராங்க் ஷாஃப்ட்டோ காரின் ஓட்டத்தாலும் தன் வேகத்தாலும் இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது. நின்ற கேம் ஷாஃப்ட் சில வால்வுகளைத் திறந்த நிலையிலேயே விட்டிருக்கும். பல எஞ்சின்களில், திறந்த வால்வு இறங்கி நிற்கும் இடமும் பிஸ்டன் உச்சிக்கு ஏறும் இடமும் ஒன்றே. சரியான நேரத்தில் ஒன்று விலகி மற்றதற்கு வழிவிடுவதால் மட்டுமே அவை மோதாமல் இருக்கின்றன. ஒரே அறையை முறைவைத்துப் பயன்படுத்தும் இருவரைப் போன்ற இந்த ஏற்பாடு, நேரம் காப்பவர் இல்லாதபோது குலைந்துவிடுகிறது: மேலேறும் பிஸ்டன் வால்வில் மோதி அதை வளைக்கிறது, சில வேளைகளில் பிஸ்டனும் சிலிண்டர் தலையும் உடைகின்றன. அழுத்தம் மிகுந்த டீசல் எஞ்சின்கள் ஏறத்தாழ எல்லாமே இந்த வகையைச் சேர்ந்தவை. பிஸ்டனின் தலையில் போதிய பள்ளமோ இடைவெளியோ உள்ள எஞ்சின்களில் மோதல் நிகழாது. அங்கே கார் நின்றுபோவதோடு சேதம் முடிகிறது.

இதனால்தான் பெல்ட்டை மாற்றும் மெக்கானிக்கின் வேலை பொறுமையைக் கேட்கிறது. கிராங்க் சக்கரத்திலும் கேம் சக்கரத்திலும் பொறித்திருக்கும் டைமிங் மார்க்குகளை அவற்றுக்குரிய குறிகளுக்கு நேராக நிறுத்தி, தண்டுகள் அசையாதபடி பூட்டிய பிறகே பழைய பெல்ட் கழற்றப்படுகிறது. புதிய பெல்ட்டை மாட்டி, டென்ஷனரை இறுக்கிய பின், உடனே சாவியைத் திருப்புவதில்லை. ஸ்பேனரால் கிராங்க் ஷாஃப்ட்டைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மீண்டும் நேருக்கு நேர் வந்து நிற்கின்றனவா என்று பார்க்கப்படுகிறது. கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றை முடிக்க கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்ற வேண்டும் என்பதே அந்த ‘இரண்டு’ என்ற எண்ணிக்கைக்குக் காரணம். இடையில் எங்கேனும் முட்டினால், கையின் மெல்லிய விசையில் வால்வு வளையாது, தவறு வெளிப்பட்டுவிடும்.

கார்புரேட்டரின் எல்லை

நேரத்தின் கதை இவ்வாறிருக்க, அளவின் கதை வேறு வழியில் வளர்ந்தது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கொள்ளளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9000 லிட்டர் காற்று. காற்று இதைவிடக் குறைந்தால் எரியாத பெட்ரோலும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் புகையோடு வெளியேறும்; மிகுந்தால் எரிதல் தடுமாறும்.

இந்த விகிதத்தைக் கட்டிக்காக்கும் பணியை நூறாண்டுக் காலம் செய்தது கார்புரேட்டர். வில்ஹெல்ம் மேபாக் 1893-இல் உருவாக்கிய வடிவத்திலிருந்து வளர்ந்த இந்தக் கருவி, எளிய இயற்பியலில் இயங்குகிறது: குறுகிய கழுத்து வழியே காற்று பாயும்போது அதன் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைந்த அழுத்தம், அருகிலுள்ள சிறு கிண்ணத்திலிருந்து பெட்ரோலை நுண்துளை வழியே உறிஞ்சித் தெளிக்கிறது. மின்சாரமோ கணக்கோ இன்றி, காற்றே தனக்கு வேண்டிய பெட்ரோலை இழுத்துக்கொள்ளும் இந்த அமைப்பு போற்றத்தக்கது. எனினும் அது காற்றின் எடையை அறியாது, அதன் ஓட்டத்தை மட்டுமே உணரும். 2200 மீட்டருக்கு மேல் உயர்ந்த உதகையில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. சமவெளியில் சரியாகச் சீரமைத்த கார்புரேட்டர் அங்கே தேவைக்கு மேல் பெட்ரோலைச் சேர்த்துவிடும். குளிர்ந்த காலையில் பெட்ரோல் சரிவர ஆவியாகாததால் சோக் இழுக்க வேண்டியிருந்ததும், நான்கு சிலிண்டருக்கும் ஒரே அளவில் கலவை சென்று சேராததும் அதன் மற்ற குறைகள்.

இந்த எல்லை மிகக் கூர்மையாக வெளிப்பட்டது வானத்தில். 1940-இல் பிரிட்டனின் மேல் நடந்த விமானப் போரில், ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் எஞ்சினில் கார்புரேட்டரும், ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் டெய்ம்லர் பென்ஸ் எஞ்சினில் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் செலுத்தும் பம்பும் இருந்தன. ஜெர்மன் விமானி மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்துப் பாய்ந்தால் அவருடைய எஞ்சின் தடையின்றி ஓடும். அவ்வாறே பின்தொடரும் ஸ்பிட்ஃபயரில், எடையிழந்த பெட்ரோல் கிண்ணத்தின் மேல்பக்கம் ஏறிவிட, எஞ்சின் முதலில் எரிபொருளின்றித் தடுமாறி, அடுத்து அளவு மீறிய பெட்ரோல் பாய்ந்து மூச்சடைத்துப்போகும். ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு நிறுவனத்தின் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங், பெட்ரோல் குழாயில் பொருத்தக்கூடிய, நடுவில் துளையிட்ட ஒரு சிறு உலோக வில்லையின் மூலம் 1941-இல் இதற்குத் தற்காலிகத் தீர்வு கண்டார். எஞ்சினுக்கு வேண்டிய உச்ச அளவுக்கு மேல் பெட்ரோல் பாயாதபடி அந்தத் துளை கட்டுப்படுத்தியது. எரிபொருளை உறிஞ்ச விடுவதற்கும் அளந்து செலுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பொறியாளர்கள் அன்றே தெளிவாக உணர்ந்தனர்.

துளியை அளக்கும் வால்வு

அளந்து செலுத்தும் முறையை டீசல் எஞ்சின்கள் தொடக்கம் முதலே கொண்டிருந்தன. பெட்ரோல் கார்களில் 1954-இல் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல், இயந்திரப் பம்பினால் நேரே சிலிண்டருக்குள் பெட்ரோலைச் செலுத்தியது. ஆனால் நுட்பமாகக் கடைந்தெடுத்த அந்தப் பம்ப் விலை மிக்கது. மின்னணுவியலின் துணையை முதலில் நாடியது அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம். 1957-இல் அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு கிரைஸ்லரின் சில கார்களில் இடம்பெற்ற அதன் எலெக்ட்ரோஜெக்டர், அன்றைய மின்னணு உறுப்புகளின் நலிவால் நிலைக்கவில்லை. அந்தக் காப்புரிமைகளைப் பயன்படுத்த உரிமம் பெற்ற ஜெர்மனியின் போஷ் நிறுவனம், டிரான்சிஸ்டர்கள் முதிர்ச்சி அடைந்திருந்த 1967-இல், டி-ஜெட்ரோனிக் என்ற பெயரில் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் அதைப் பொருத்தி வெற்றி கண்டது. அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இறுகத் தொடங்கிய காலம் அது. கார்புரேட்டரை வீழ்த்தியதில் வேகத்தின் மீதான ஆசையைவிடத் தூய காற்றின் மீதான அக்கறைக்கே பெரும் பங்கு உண்டு.

இன்ஜெக்டரின் உள்ளமைப்பு வியக்கத்தக்க எளிமை கொண்டது. பெட்ரோல் டேங்குக்குள் மூழ்கியிருக்கும் மின்பம்ப், வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தத்தில் பெட்ரோலை இன்ஜெக்டர் வாயில்வரை கொண்டுவந்து நிறுத்துகிறது. இன்ஜெக்டருக்குள் ஒரு மின்கம்பிச் சுருளும், சுருள்வில்லால் அழுத்தப்பட்டு வாயை மூடியிருக்கும் ஒரு ஊசியும் உள்ளன. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி ஊசியைச் சற்றே தூக்குகிறது. நுனியிலுள்ள நுண்துளைகள் வழியே பெட்ரோல் பனிப்படலம் போல் உள்வால்வின் முதுகை நோக்கித் தெளிக்கப்படுகிறது. மின்சாரம் நின்றவுடன் சுருள்வில் ஊசியை மீண்டும் அழுத்தி மூடுகிறது. அழுத்தமும் துளையின் அளவும் மாறாதவை என்பதால், வெளியேறும் பெட்ரோலின் அளவு ஊசி எத்தனை மில்லிநொடி திறந்திருந்தது என்பதை மட்டுமே பொறுத்தது. அளவைத் தீர்மானிக்கும் வேலை இவ்வாறு நேரத்தைத் தீர்மானிக்கும் வேலையாக மாறிவிடுகிறது.

ஒரு முறை தெளிக்கும் அளவு எவ்வளவு சிறியது என்பதையும் கணக்கிடலாம். நான்கு சிலிண்டரும் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளளவு உள்ள எஞ்சினில், ஒரு சிலிண்டர் முழுமையாக நிறைந்தால் 250 கன சென்டிமீட்டர் காற்று, அதாவது ஏறத்தாழ 300 மில்லிகிராம் காற்று உள்ளே வரும். அதை 14.7-ஆல் வகுத்தால் வேண்டிய பெட்ரோல் ஏறத்தாழ 20 மில்லிகிராம். மருந்துக் குழாயிலிருந்து சொட்டும் ஒரு துளித் தண்ணீரின் எடை 50 மில்லிகிராம் என்று கொண்டால், ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால்கூட ஒரு முறைக்கு அரைத் துளிக்கும் குறைவான பெட்ரோலே செல்கிறது. மெல்ல ஓடும்போது அதிலும் மூன்றில் ஒரு பங்கு போதும். இந்த நுண்ணளவைத்தான் நொடிக்கு நூறு முறை பிசகாமல் அளந்து தர வேண்டியிருக்கிறது.

ஊசி எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று தீர்மானிப்பது இசியு எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டகம். உள்ளே வரும் காற்றின் அளவு அல்லது அழுத்தம், அதன் வெப்பம், எஞ்சினின் வெப்பம், ஆக்ஸிலரேட்டரின் நிலை, சுழற்சி வேகம் ஆகியவற்றை உணரிகள் அதற்குத் தெரிவிக்கின்றன. அது தன் நினைவகத்திலுள்ள அட்டவணையைப் பார்த்து, திருத்தங்களைச் சேர்த்து, மில்லிநொடிக் கணக்கைச் சொல்கிறது. ஓட்டுநர் கியரில் இருந்தபடியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன என்பதை உணர்ந்து அது இன்ஜெக்டர்களை முற்றிலும் மூடிவிடுகிறது. இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சமாகும் என்ற பழைய நம்பிக்கை இத்தகைய கார்களுக்குப் பொருந்தாது. நியூட்ரலில் எஞ்சின் தானே ஓடவேண்டி இருப்பதால் அப்போதுதான் பெட்ரோல் செலவாகிறது, பிரேக்கின் சுமையும் கூடுகிறது.

புகைக்குழாயிலிருந்து திரும்பும் செய்தி

எவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டாலும், விடை சரியா என்று சரிபார்க்க ஒரு வழி வேண்டும். 1976-இல் வோல்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்ற லாம்டா உணரி அந்த வழியைத் தந்தது. சிர்கோனியா என்னும் பீங்கான் வகையால் ஆன இந்தச் சிறு முனை, எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் செருகப்பட்டிருக்கும். அதன் ஒரு பக்கம் புகையும் மறுபக்கம் வெளிக்காற்றும் பட, இருபுறமும் உள்ள ஆக்சிஜன் அளவின் வேறுபாட்டுக்கேற்ப மின்னழுத்தம் பிறக்கிறது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் அளவும், ஆக்சிஜன் தீர்ந்து பெட்ரோல் மிஞ்சியிருந்தால் 0.9 வோல்ட் அளவும் காட்டும். இதைக் கண்டு இசியு பெட்ரோலைச் சிறிது கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. மறுகணம் உணரி மீண்டும் செய்தி அனுப்புகிறது. இந்த ஓயாத திருத்தத்தால் விகிதம் 14.7-ஐ ஒட்டியே நிற்க, பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய வினையூக்கி மாற்றியால் புகையிலுள்ள மூன்று வகை நச்சுகளையும் ஒருங்கே குறைக்க முடிகிறது.

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியோடு நாடெங்கும் நின்றது. ஈயம் வினையூக்கியைச் செயலிழக்கச் செய்வதால் இது இன்றியமையாத மாற்றமாக இருந்தது. அக்காலத்துக் கார்களின் பின்புறத்தில் பெருமையாகப் பொறித்திருந்த ‘எம்.பி.எஃப்.ஐ.’ என்ற எழுத்துகள், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் உண்டு என்பதையே குறித்தன. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, பெரும்பாலான இருசக்கர வாகனங்களும் கார்புரேட்டருக்கு விடைகொடுத்தன.

பல்லும் துளியும் சேரும் இடம்

இன்ஜெக்டர் தன் துளியை உரிய சிலிண்டருக்கு உரிய கணத்தில் தர வேண்டுமானால், பிஸ்டன்கள் எங்கே இருக்கின்றன என்பது இசியுவுக்குத் தெரிய வேண்டும். இதற்காகப் பல எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுழலும் ஒரு சக்கரத்தில் 60 பற்களுக்கான இடம் வகுத்து, அவற்றுள் இரண்டை மட்டும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். ஒரு பல்லுக்கு 6 பாகை என்ற கணக்கில், அருகிலுள்ள காந்த உணரி ஒவ்வொரு பல்லும் கடப்பதை எண்ணுகிறது. இரண்டு பல் இல்லாத வெற்றிடம் வரும்போது ஒரு சுற்று முடிந்தது என்று அறிகிறது. ஆனால் பிஸ்டன் உச்சிக்கு வருவது நான்கு வீச்சில் இரண்டு முறை. அது கலவையை அழுத்தி முடித்த உச்சியா, புகையை வெளியேற்றி முடித்த உச்சியா என்பதைக் கிராங்க் ஷாஃப்ட் சொல்லாது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சுழலும் கேம் ஷாஃப்ட்டால் மட்டுமே அதைச் சொல்ல முடியும் என்பதால், அங்கும் ஒரு உணரி பொருத்தப்படுகிறது.

ரப்பர் பெல்ட்டும் மின்னணுவும் கைகோக்கும் இடம் இதுவே. பெல்ட் இரு தண்டுகளையும் சரியான உறவில் நிறுத்துகிறது. இசியு அந்த உறவைப் படித்தே இன்ஜெக்டரையும் தீப்பொறியையும் இயக்குகிறது. பெல்ட் ஒரு பல் தாண்டினால், இரு உணரிகளின் செய்திகளும் ஒத்துப்போகாததைக் கண்டு எச்சரிக்கை விளக்கை எரியவிடும் திறனும் பல கார்களின் இசியுவுக்கு உண்டு. பிற்காலத்தில் வந்த மாறும் வால்வு நேர முறையில், எண்ணெய் அழுத்தத்தால் கேம் ஷாஃப்ட்டைச் சில பாகை முன்னும் பின்னும் திருப்பும் அதிகாரமும் இசியுவுக்குக் கிடைத்தது. 1996-இல் மிட்சுபிஷி மீண்டும் எடுத்துவந்த நேரடி உட்செலுத்தலில் பெட்ரோல் உள்வால்வைத் தொடாமலே சிலிண்டருக்குள் பாய்கிறது; இன்று அதன் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 200 முதல் 350 மடங்கு வரை செல்கிறது. டீசலின் காமன் ரெயில் முறையில் அது 2000 மடங்கையும் தாண்டுகிறது.

பராமரிப்பின் பாடம்

இரு கருவிகளுக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. எரிபொருள் உட்செலுத்தல் தன் பிழையைத் தானே அறிந்து திருத்திக்கொள்கிறது. திருத்த முடியாதபோது விளக்கை எரியவிட்டுச் சொல்கிறது. அதற்கு வேண்டியவை தூய பெட்ரோலும், உரிய காலத்தில் மாற்றிய வடிப்பானும், அடிமட்டம் வரை வற்றவிடாத டேங்கும்தான். டேங்கிலுள்ள பெட்ரோலே பம்பைக் குளிர்விக்கிறது என்பதால் இந்தக் கடைசிக் கவனம் முக்கியமானது. டைமிங் பெல்ட்டோ கண்ணாடி இழைகள் ஒவ்வொன்றாக நைந்துபோவதைப் பெரும்பாலும் வெளியே காட்டுவதில்லை. முதல்நாள் வரை ஓசையின்றி ஓடி மறுநாள் அறுந்துவிடும். கசியும் எண்ணெய், மிகை வெப்பம், தேய்ந்த டென்ஷனர் ஆகியவை அதன் ஆயுளை இன்னும் குறைக்கின்றன. ரப்பருக்கு வயதும் ஒரு தேய்மானம் என்பதால், அதிகம் ஓடாத காரிலும் ஆண்டுக்கணக்கு பார்த்தே மாற்ற வேண்டும்.

செயின் உள்ள எஞ்சினுக்குப் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. ஆனால் எண்ணெய் மாற்றுவதில் காலந்தாழ்த்தினால் செயினும் தேய்ந்து நீண்டு அதே நேரப் பிசகுக்கு இடம் தரும். எனவே கார் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் செய்யவேண்டியது எளிது: தம் எஞ்சினில் இருப்பது பெல்ட்டா செயினா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும், பெல்ட் என்றால், அதை மாற்றவேண்டிய கிலோமீட்டரையும் ஆண்டையும் குறித்துவைத்து, அவ்விரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போதே மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது டென்ஷனரையும், பெல்ட்டே சுழற்றும் தண்ணீர்ப் பம்ப் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுவது அறிவுடைமை. புதிய பெல்ட்டின் விலை, வளைந்த வால்வுகளைச் சீர்செய்ய ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியே.